இரண்டாம் பாகத்தில் யோனஸ் உயிரோடு வந்தான்

டோருன் ஐக்ரெம், கரையோரக் கப்பலின் உணவகத்தில் உட்கார்ந்து திரைக்கதையைப் படித்துக்கொண்டிருந்தாள். பாதிக்குச் சற்று முன்னால் ஒரு பக்கத்தில் சமையலறைக் கதவு திறந்து, முதல் படத்தில் கடலோடு போன யோனஸ் உள்ளே வந்தான். "அம்மா, பசிக்குது" என்றான்.

கனவுக் காட்சியாக இருக்கும் என்று நினைத்து அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அங்கே அவன் மீன் சூப் குடித்துக்கொண்டிருந்தான். அதற்கடுத்த பக்கத்தில், படகு மூழ்கியபோது தலையில் அடிபட்டு நினைவு தப்பி, ஷெட்லாந்துத் தீவில் இத்தனை வருஷமாக ஆடு மேய்த்த கதையைச் சொன்னான். முடிவில் இரண்டு கல்யாணம். ஒன்று யோனஸுக்கு. இன்னொன்று அவனுடைய அம்மா மாரித்துக்கு. மாப்பிள்ளை யாரென்றால், அவனை ஓட்டைப் படகில் கடலுக்கு அனுப்பிய அதே முதலாளி.

"நாசமாப் போறவங்க" என்று டோருன் வாய்விட்டே சொன்னாள். பக்கத்து மேசையில் வாஃபிள் தின்றுகொண்டிருந்த கிழவர் திரும்பிப் பார்த்தார்.

மாரித்தாக நடித்தவள் டோருன்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் வந்த 'ஏழாவது படகு' அவளை நாடு முழுக்கத் தெரியவைத்த படம். புயலில் ஆறு படகுகள் கரை திரும்பும், ஏழாவது திரும்பாது. யோனஸ் போன அந்தப் படகில் தண்ணீர் இறைக்கும் பம்பு கெட்டிருந்தது முதலாளிக்கு முன்பே தெரியும். இறுதிச் சடங்கு முடிந்து ஊரார் கூடியிருக்கும்போது அவனும் வந்து உட்காருவான். மாரித் அவனுக்குக் காப்பி ஊற்றுவாள். அவன் கோப்பையை எடுக்கப் போகும் நேரத்தில் அதை அவன் கைக்கடியிலிருந்து எடுத்து, எல்லோர் கண் முன்னாலும் காப்பியைத் திரும்பக் கெட்டிலில் ஊற்றிவிட்டு, கோப்பையைக் கழுவப் போய்விடுவாள். படம் அங்கேயே முடியும். அதற்குப் பிறகு ஒரு கட்சிக் கூட்டத்தில் யாரோ ஒரு பெண்மணி மந்திரிக்கு அதே மாதிரி செய்து, அது தொலைக்காட்சிச் செய்தியிலும் வந்தது. கடைக்குப் போனால் முன்பின் தெரியாதவர்கள் டோருனின் கையைப் பிடித்துக்கொண்டு பேச்சு வராமல் நிற்பார்கள்.

இயக்குநர் ஹால்வார்ட் போன வசந்தத்தில் போன் செய்து, "நம்ம மாரித் இப்ப என்ன பண்ணிட்டு இருப்பான்னு பார்க்கணும் போல இருக்கு" என்று சொன்னான். டோருனும் அதைத்தான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பாள். அவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு ஒருத்தி இத்தனை வருஷம் எப்படி வாழ்ந்திருப்பாள்? அவன் அனுப்பிய கதைச் சுருக்கத்தில் ஊரின் மீன் ஆலையை மூடப் போவதும் மாரித் எதிர்த்து நிற்பதும் மட்டும் இருந்தன. மகனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

முதல் படம் எடுத்த மீனவ ஊரான ஸ்கார்வ்நெஸ்ஸின் படகுத்துறையில் ஹால்வார்ட் அவளுக்காகக் காத்திருந்தான். சிவப்புக் கம்பளிக் குல்லாவுக்குக் கீழே முகம் இளைத்துப் போயிருந்தது. கட்டிப்பிடிக்க வந்தவனை அவள் திரைக்கதையாலேயே தள்ளி நிறுத்தினாள்.

"யாருடா எழுதினது இதை?"

"ஒரு குழு."

"எத்தனை பேர் சேர்ந்து இந்த வாந்தியை எடுத்தீங்க?"

"மெதுவா பேசு டோருன், ஆளுங்க பார்க்கறாங்க. ஜனங்ககிட்டயே கேட்டோம். ரெண்டாம் பாகத்துல என்ன பார்க்க ஆசைன்னு. பாதிக்கு மேல யோனஸ் உயிரோட வரணும்னு சொல்லிட்டாங்க."

"சொல்லத்தான் செய்வாங்க. எனக்கும்தான் அந்த ஆசை இருந்துச்சு. அது நிறைவேறாமலே வீட்டுக்குப் போனாங்க பாரு, அதனாலதான் இன்னும் அந்தப் படத்தை மறக்கல. கேட்டா கேட்டதை அள்ளி வச்சிடுவியா? நீ படம் எடுக்கறியா, பந்தி பரிமாறறியா?"

ஹால்வார்ட் அவள் பெட்டியை வாங்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினான். அவள் விடவில்லை, கூடவே நடந்தாள்.

"சரி, நீயே சொல்லு" என்றான் அவன். "ரெண்டாம் பாகம்னா என்னதான் பண்றது? அதே சோகத்தை மறுபடி புழியறதா?"

"புழிய வேணாம். செத்தவன் செத்தவனாவே இருக்கட்டும். மாரித் என்ன ஆனா? ஊர்ல இருக்கறது ஒரே கடை, அதுவும் அந்த முதலாளியோட மச்சான் கடை. அங்கேதானே அவ ரொட்டி வாங்கணும்? ஊர் அவளைக் கண்டு பயந்துச்சா, இல்ல சலிச்சுப் போச்சா? முதலாளி பேரப் பிள்ளைய பள்ளிக்கூட வாசல்ல பார்த்தா அவ சிரிப்பாளா, மாட்டாளா? முதல் படத்துல அவ ஒண்ணு பண்ணினா. அதுக்கு அவ பட்ட பாடு என்னன்னு காட்டு. அதான் ரெண்டாவது படம். முதல்ல எடுத்ததை ரப்பர் போட்டு அழிச்சுட்டு எடுக்கறதுக்கு எதுக்குடா ரெண்டுன்னு நம்பர்?"

அவன் நின்றான். "எனக்குக் கடைசியா ரெண்டு படம் ஊத்திக்கிச்சு. உனக்குத் தெரியும். இது ஓடலைன்னா எனக்கு யாரும் கேமரா குடுக்க மாட்டாங்க."

அது உண்மைதான் என்று அவளுக்குத் தெரியும். அதனால் கோபம் இன்னும்தான் ஏறியது.

அன்று மாலையே அவள் போர்க்ஹில்ட் வீட்டுக்குப் போனாள். துறைக்கு மேலே மஞ்சள் வீடு. முதல் படத்தின் சமையலறைக் காட்சிகளெல்லாம் அங்கேதான் எடுத்தார்கள். படப்பிடிப்புக்கு முன்னால் டோருன் சில வாரங்கள் அந்த வீட்டில் தங்கியிருந்தாள். போர்க்ஹில்டின் மகன் ஓட்னே அதற்கு முந்தின குளிர்காலத்தில் படகோடு போனவன். உடல்கூடக் கிடைக்கவில்லை. போர்க்ஹில்ட் அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. "படத்துல அழுது தொலைக்காதே. நான் அழல. திட்டினேன்" என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தாள். மாரித்திடம் இருந்தது அத்தனையும் இவளுடைய கோபம்தான்.

படக்குழுவுக்கு மறுபடியும் சமையலறையைத் தருவதாகச் சொல்லியிருந்ததால் போர்க்ஹில்ட் ஜன்னல் திரைகளைத் துவைத்துப் போட்டிருந்தாள். வாஃபிள் வெந்துகொண்டிருந்தது.

"உட்காரு. இந்தத் தடவை என்ன கதை?"

மீன் ஆலை என்று சொல்லி நிறுத்திக்கொண்டிருக்கலாம். டோருனால் முடியவில்லை. முழுவதையும் சொன்னாள்.

போர்க்ஹில்ட் வாஃபிள் சுடும் மின்கருவியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

"எப்படி வர்றான்?"

"கதவைத் திறந்துக்கிட்டு."

"இந்தக் கதவையா?"

"ஆமா."

"எத்தனை ராத்திரி இந்தக் கதவு காத்துல ஆடும்போது நான் எந்திரிச்சு உட்கார்ந்திருக்கேன் தெரியுமா உனக்கு? இப்ப எவனோ ஒருத்தன் இதைத் திறந்துக்கிட்டு வந்து, அம்மா பசிக்குதுன்னு சொல்லுவான். நான் பக்கத்து அறையில உட்கார்ந்து கேட்டுட்டு இருக்கணும். அப்படித்தானே?"

"எனக்கும் இன்னிக்குத்தான் தெரியும், போர்க்ஹில்ட். கையெழுத்துப் போடும்போது இந்தக் கதை இல்ல."

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

"தெரியாம போட்டுட்டே." அந்த வார்த்தையைத் துப்புவது போலச் சொன்னாள். "அப்ப போய் நடி. எங்கே வேணா நடி. என் வீட்டுல வேணாம். எழுந்திரு."

வெந்த வாஃபிள் தட்டில் கிடந்தபடியே இருக்க, டோருன் எழுந்து வெளியே வந்தாள். நிற்காமல் துறைக்கு இறங்கினாள். ஹால்வார்டின் மேல், குழுவின் மேல், எல்லோரையும்விட அதிகமாகத் தன் மேலேயே எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

வீடு கிடைக்காததற்குத் தயாரிப்பாளர் பெனடிக்டா அசரவில்லை. முப்பதைத் தாண்டியிருக்கமாட்டாள், எதற்கும் குரலை உயர்த்தாதவள். "பள்ளிக்கூட ஜிம்முல அதே சமையலறையை செட் போட்டுடலாம்" என்றாள். "ஒரு விதத்துல நல்லதுதான். சுவரைக் கழட்டிட்டுக் கேமரா வைக்கலாம்."

"நான் நடிக்கப் போறதில்லை" என்றாள் டோருன்.

"உங்க கோபம் புரியுது டோருன். நெஜமாவே புரியுது. ஆனா ஒப்பந்தம் இருக்கு. நீங்க போயிட்டா வக்கீல் பேசுவாங்க, நான் பேச முடியாது. இவங்க எல்லாரும் நாளைக்கு வேலை இல்லாம வீட்டுக்குப் போகணும்." ஜிம்மில் பலகை அறைந்துகொண்டிருந்தவர்களைக் கையால் காட்டினாள். அந்தக் கை காட்டிய விதத்தைக்கூட டோருனால் பொறுக்க முடியவில்லை. ஆனாலும் இருந்துவிட்டாள்.

யோனஸ் திரும்பி வரும் காட்சியை எடுக்கும் நாள் வந்தது. யோனஸாக நடித்த எஸ்கில் முதல் படத்தின்போது கல்லூரிப் பையன். இப்போது தாடியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தன. செட்டுக்கு வெளியே நின்று அவளிடம் மெதுவாகக் கேட்டான்: "இதை எப்படி நடிக்கறதுன்னே தெரியல. நான் வெட்கப்படணுமா, சந்தோஷப்படணுமா?"

"நீ வந்து நில்லு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

முதல் டேக்கில் எழுதியிருந்தபடியே செய்தாள். ஓடிப் போய்க் கட்டிக்கொண்டு, "எனக்குத் தெரியும், நீ வருவேன்னு எனக்குத் தெரியும்" என்று விம்மினாள். பெனடிக்டா கை தட்டினாள். ஹால்வார்ட் தட்டவில்லை. "இன்னொண்ணு போலாம்" என்றான்.

இரண்டாவது டேக்கில் கதவு திறந்தது. எஸ்கில் நின்றான். "அம்மா, பசிக்குது."

டோருன் நடந்து போய் அவனை ஓங்கி அறைந்தாள்.

"எங்கேடா இருந்தே?" என்றாள். குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "கடல் உன்னைத் தின்னுடுச்சுன்னு தினம் அந்தக் கடலோட சண்டை போட்டுட்டு இருந்தேன். ஒரு ஆளோட முகத்துல முழிக்காம, அவனோட பேசறவங்களோடயும் பேசாம, ஊரையே பகைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். உனக்காக. நீ ஆடு மேய்ச்சுட்டு இருந்தியா? என்னைப் பாரு. நிமிர்ந்து பாருடா. உன்னால நான் என்னவா ஆயிட்டேன்னு பாரு. இதை யாரு திருப்பித் தருவா? நீ தருவியா?"

"அம்மா…" என்றான் எஸ்கில். திரைக்கதையில் அந்த இடத்தில் இல்லாத வார்த்தை. அவன் கன்னம் சிவந்து, கண் நிஜமாகவே நிரம்பியிருந்தது.

"கூப்பிடாதே." ஆனால் அவன் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பற்றியிருந்தாள், விடவில்லை. விட்டால் போய்விடுவான் என்பது போல அப்படியே நின்றாள்.

யாரும் கட் சொல்லவில்லை. ஒலிப்பதிவாளர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஹால்வார்ட் எழுந்து வந்தான். குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"நீ துறையில கத்தினது இப்பத்தான் எனக்கு மண்டையில ஏறுது" என்றான். "இதான் படம். இதுல ஒரு துண்டு வெட்ட மாட்டேன். சத்தியமா."

அவள் நம்பினாள். இந்த ஒரு காட்சி இருந்தால் போதும், யோனஸ் வந்தது கூடப் பொய்யாகத் தெரியாது, வந்ததற்கும் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது என்று பார்க்கிறவர்களுக்குப் புரியும் என்று நினைத்தாள். அதற்குப் பிறகு அவர்கள் கேட்டதையெல்லாம் செய்தாள். முதலாளியோடு கைகோத்து ஆடினாள். ஷெட்லாந்திலிருந்து யோனஸ் கூட்டிவந்த ஆட்டுக்கு ரிப்பன்கூடக் கட்டினாள்.

'ஏழாவது படகு 2: கரை சேர்ந்தான்' ஜனவரியில் ஆஸ்லோவில் வெளியானது. முதல் காட்சிக்குப் பெரிய திரையரங்கு, வாசலில் கேமராக்கள். டோருன் கறுப்பு உடையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஹால்வார்ட். படம் தொடங்கியதிலிருந்து அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

அந்தக் காட்சி வந்தது. கதவு திறந்தது. "அம்மா, பசிக்குது." அவள் நடந்து போனாள். அறை விழுந்தது. உடனே அதே அறை வேறொரு பக்கத்திலிருந்து மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை மெதுவாக, எஸ்கிலின் கன்னம் குலுங்குவது தெரிய விழுந்தது. அக்கார்டியன் இசை துள்ளலாக ஆரம்பித்தது. திரையில் அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது, ஒரு வார்த்தை கேட்கவில்லை. சத்தத்தை இசைக்கடியில் அமுக்கிவிட்டிருந்தார்கள். வாசலில் ஆடு தலையை நீட்டிக் கத்தியது.

அரங்கம் அதிர்ந்தது. பின்னால் இருந்தவன் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தான்.

டோருன் ஹால்வார்டைப் பார்த்தாள். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

படம் முடிந்து நடிகர்களை மேடைக்குக் கூப்பிட்டார்கள். பூங்கொத்து கொடுத்தார்கள். பெனடிக்டா மைக்கை நீட்டி, "மாரித்தா மறுபடி வந்தது எப்படி இருக்கு, டோருன்?" என்று கேட்டாள்.

"நீங்க எல்லாரும் சிரிச்சீங்க" என்றாள் டோருன். "உங்களைக் குத்தம் சொல்லல. சிரிக்க வைக்கத்தான் அந்த இசை. ஆனா அந்த இடத்துல நான் என்ன பேசினேன்னு உங்களுக்குக் கேக்கல. கேக்க விடல. முதல் படத்தைப் பார்த்து அழுதவங்க இங்கே எத்தனையோ பேர் இருப்பீங்க. நீங்க அழுத அழுகையை எடுத்து, அதை வச்சே கேலி பண்ணி, டிக்கெட் போட்டு உங்களுக்கே வித்திருக்காங்க. ஸ்கார்வ்நெஸ்ஸுல ஒரு அம்மா இருக்கா. அவ மகன் வரல. வரவும் மாட்டான். அவகிட்டப் போய் இந்த ஆட்டைக் காட்டுங்க பார்ப்போம்."

அரங்கில் அங்கங்கே கைதட்டல் எழுந்தது. மேல் வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "அவ்வளவு கஷ்டமா இருந்தா எதுக்கு நடிச்சே?"

டோருன் அவன் பக்கம் திரும்பினாள். "நல்ல கேள்வி" என்றாள் மைக்கிலேயே. பூங்கொத்தைத் தரையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

கோட்டு மாட்டும் இடத்தில் ஹால்வார்ட் பின்னால் ஓடிவந்தான். "நான் சண்டை போட்டேன் டோருன். நெஜமா. அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினா ஜனங்களுக்கு மனசு கனத்துப்போகுதுன்னு பெனடிக்டா ஆளுங்க சொன்னாங்க. அதுக்கப்புறம் வர்ற கல்யாணம் எடுபடல…"

"எடுபடாதுதான். எப்படி எடுபடும்? கல்யாணம் பொய். அதைத் தூக்கி எறிஞ்சிருக்கணும். நீ இதைத் தூக்கி எறிஞ்சே."

"என் கையில இல்ல."

"உன் பேரு உன் கையிலதானே இருந்துச்சு? அதையாவது படத்துலருந்து எடுத்திருக்கலாம்ல? எடுக்கல. ஏன்னா ஓடும்னு தெரிஞ்சுபோச்சு. சத்தியம் பண்ணினப்ப குல்லாவை வேற கழட்டினியேடா." கோட்டுக் கைக்குள் கை சரியாக நுழையாமல் அவள் இழுத்து இழுத்துத் திணித்தாள். "என்கிட்ட இனிமே பேசாதே."

படம் ஓடியது. அந்தக் குளிர்காலத்தில் அதிகம் பேர் பார்த்த படம் அதுதான். அறையும் காட்சியைத் துண்டு துண்டாக வெட்டி, பிள்ளைகள் தங்கள் போனில் அனுப்பி விளையாடினார்கள். டோருன் மேடையில் பேசியதை ஒரு பத்திரிகை, மூத்த நடிகைக்கு என்ன ஆயிற்று என்று தலைப்புப் போட்டு எழுதியது. மார்ச்சில் மூன்றாம் பாகத்தை அறிவித்தார்கள். ஹால்வார்டே இயக்குகிறான் என்றும், மாரித் தேன்நிலவில் கேபிள் கார் விழுந்து இறந்துபோவதாகப் படம் தொடங்கும் என்றும் செய்தி வந்தது. மகனை எழுப்பியவர்கள் இப்போது தாயைப் புதைக்கிறார்கள், அதையும் சிரிப்புக் காட்சியாகத்தான் எடுப்பார்கள் என்று டோருன் நினைத்தாள். பத்திரிகையைக் கிழித்துக் கணப்பில் போட்டாள்.

ஈஸ்டர் விடுமுறையில் அவள் ஸ்கார்வ்நெஸ்ஸுக்குக் கப்பலேறினாள். யாரும் கூப்பிடவில்லை. போய் நிற்காமல் இருக்க முடியாது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

போர்க்ஹில்ட் கதவைத் திறந்தாள். வழி விடவில்லை.

"பார்த்தேன்" என்றாள். "ஊர்க் கூடத்துல போட்டாங்க. எல்லாரும் பார்க்கணும்னு போனாங்க, நானும் போனேன்."

"போர்க்ஹில்ட்…"

"நான் சிரிச்சேன்."

போர்க்ஹில்ட் நேராக அவளைப் பார்த்தே மேலே சொன்னாள்.

"அந்த அறைக்கு, டோருன். மூணு தடவை அறைஞ்சே பாரு, அந்த ஆடு வேற. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சுட்டேன். வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழட்டாம உட்கார்ந்தேன். என்னென்னமோ பண்ணியிருக்காங்க என்கிட்ட. ஓட்னே போன படகோட முதலாளி மாலை அனுப்பினான். பாதிரியார் கடவுளோட விருப்பம்னு சொன்னார். ஆனா எவனும் என்னை என் மகனை நினைச்சுச் சிரிக்க வச்சதில்ல. இந்தப் படம் எடுத்தவன் வச்சுட்டான்."

அவள் முகம் வெளுத்து, தாடை இறுகியிருந்தது. அழுகை இல்லை. இந்த முகத்தைத்தான் டோருன் முன்பு வாரக்கணக்கில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

"அந்த இடத்துல உன் வாய் அசைஞ்சுது" என்றாள் போர்க்ஹில்ட். "என்ன சொன்னே?"

டோருன் சொன்னாள். வாசலில் நின்றபடியே, நடிக்காமல், செட்டில் சொன்னது அத்தனையையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். இதை யாரு திருப்பித் தருவா என்ற இடம் வந்ததும் போர்க்ஹில்ட் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதைப் படம் பிடிச்சாங்களா?"

"பிடிச்சாங்க."

"வெட்டினது அந்தக் குல்லாக்காரனா?"

"அவன்தான்."

"நம்பர் இருக்கா?"

டோருன் போனை எடுத்து அழைத்தாள். அந்தப் பக்கம் ஹால்வார்ட், "டோருன்? நீயா?" என்று சந்தோஷமும் பயமுமாகக் கேட்டான். அவள் பதில் சொல்லாமல் போனைப் போர்க்ஹில்டிடம் கொடுத்தாள்.

"நான் போர்க்ஹில்ட் பேசறேன். மஞ்சள் வீடு. வைக்காதே. வச்சா அடுத்த கப்பல்லயே உன் வீட்டு வாசலுக்கு வருவேன்" என்று ஆரம்பித்து, அவள் சமையலறைக்குள் நடந்தாள். டோருனும் பின்னாலேயே உள்ளே போனாள், யாரும் தடுக்கவில்லை. போர்க்ஹில்ட் ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடுவே நடந்துகொண்டே திட்டினாள். ஓட்னே எத்தனை வயதில் முதல் மீன் பிடித்தான் என்பதில் தொடங்கி, அவனைத் தேடி ஹெலிகாப்டர் எத்தனை சுற்று வந்தது, அப்புறம் ஏன் வரவில்லை என்பதெல்லாம் அந்தத் திட்டுக்குள் வந்தது. இடையிடையே ஹால்வார்டின் குல்லாவும் ஆடும் வந்தன. இத்தனை வருஷத்தில் அவள் ஓட்னேயைப் பற்றி இவ்வளவு பேசி டோருன் கேட்டதில்லை.

குரல் கரகரத்துக் கடைசியில் நின்றது. போர்க்ஹில்ட் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வச்சுட்டானா?" என்று கேட்டாள் டோருன்.

"இல்ல. கேட்டுட்டுத்தான் இருக்கான். எனக்குத்தான் தொண்டை போச்சு." போனை நீட்டினாள். "இந்தா. இனி நீ திட்டு."

டோருன் வாங்கிக்கொண்டாள்.